மகள் நூலக அறிவியல் படிக்கட்டுமா?

ஐயா, வணக்கம்.

வேதியியல் பட்டம் முடித்த மகள் அடுத்து நூலக, தகவல் அறிவியலில் முதுகலை சேரப்போகிறேன் என்கிறாள். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வர ஆசைப்படுகிறாள். எல்லாம் செல்போனிலேயே கிடைக்கிற காலத்தில் இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில், 'அவள் யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், அமைதியான சுபாவம், அந்த வகையில் இது பொருந்தும்' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த வரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தில் நியாயமான பாதியை ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை எடுத்துக்கொடுப்பது, திரும்ப வாங்கி அடுக்குவது, அட்டவணை எழுதுவது ஆகிய வேலைகளுக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 2011-இல் திறந்த மன்சுவேட்டோ நூலகத்தில் 35 லட்சம் தொகுதிகள் வரை தரைக்கு அடியில் வைக்கலாம். கேட்டதை எந்திரம் எடுத்து மேலே அனுப்புகிறது. மேலே கண்ணாடிக் கூரையின் கீழ் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவ்வளவு செலவு செய்ய எல்லா நிறுவனங்களாலும் முடியாது. ஆனாலும் அலமாரி விலகி மேசை நாற்காலிக்கு இடம் விடுவது பல நாடுகளில் நடக்கிறது. அலமாரிகளுக்கு நடுவே நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்து உங்கள் மகள் போகிறாள் என்றால், வேண்டாம் என்றே சொல்வேன்.

மற்ற பாதி உங்கள் கண்ணில் படவில்லை. பெரும்பாலானவர்கள் கண்ணிலும் படுவதில்லை. 'செல்போனிலேயே கிடைக்கிறது' என்கிறோமே, அந்த ஆய்விதழ்களுக்கு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் கட்டுவது நூலகம். 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் ஆலோசனைக் குழு ஒன்று, சில பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுச் செலவு 37.5 லட்சம் டாலரை நெருங்குகிறது, இதைத் தாங்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியது. ஹார்வர்டின் நிலையே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கிருந்துதான் இந்தத் தொழிலின் முகம் மாறியது. 2019 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஆய்விதழ்களை வெளியிடும் எல்சவியர் பதிப்பகத்தோடு நடந்த பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. தங்கள் ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளை உலகில் யாரும் இலவசமாகப் படிக்க வேண்டும், அதே நேரம் மொத்தச் செலவும் எகிறக் கூடாது என்பது அதன் கோரிக்கை. எல்சவியர் புதிய கட்டுரைகளுக்கான நேரடி வாசலை மூடியது. பேராசிரியர்கள் கோபப்பட்டு நூலகத்தின் மேல் பாய்ந்திருக்கலாம். நூலகர்கள் முன்கூட்டியே துறை துறையாகப் போய் நிலைமையை விளக்கியிருந்ததால், பெருவாரியானவர்கள் நூலகத்தின் பக்கம் நின்றார்கள். 2021 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகத் திரண்டு நடத்திய 'டீல்' பேச்சுவார்த்தை எல்சவியரோடு முடிவுக்கு வர 2023 ஆயிற்று.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு இணைத் தலைவராக இருந்த ஜெஃப் மெக்கி-மேசன் அப்போது பெர்க்லி வளாகத்தின் தலைமை நூலகர். அவர் அடிப்படையில் பொருளாதார அறிஞர். தலைமைப் பதவி இப்போது எப்படிப்பட்டவரைத் தேடுகிறது என்பதற்கு இது ஒரு அடையாளம். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பவர், பேரம் பேசத் தெரிந்தவர், துணைவேந்தர் முன்னால் உட்கார்ந்து 'இந்தப் பணம் ஏன் வேண்டும்' என்று கூச்சமில்லாமல் சொல்பவர். உங்கள் மகளின் அமைதி நல்ல குணம்தான். ஆனால் இந்த வேலைக்கு அதைத் தகுதியாக எழுதிவிடாதீர்கள். பேச வேண்டிய இடத்தில் பேசுவாளா என்பதை அவளிடமே கேளுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்பதைக் குறிக்கும் 'திறந்த அணுகல்' என்ற சொல் அவள் வாயில் வந்திருக்கும். 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையோடு அந்த இயக்கம் ஒரு வடிவத்துக்கு வந்தது. 2018-இல் ஐரோப்பிய ஆய்வு நிதி அமைப்புகள், தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வின் கட்டுரைகள் திறந்த முறையில் வெளியாக வேண்டும் என்ற 'பிளான் எஸ்' திட்டத்தை அறிவித்தன. 2021-இல் யுனெஸ்கோவின் திறந்த அறிவியல் பரிந்துரை வந்தது. அதனால் பணப் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இடம் மாறியது. படிப்பவர் கட்டிய காசை இப்போது எழுதுபவர் கட்ட வேண்டியிருக்கிறது. 'நேச்சர்' இதழ் 2020-இல் ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் அறிவித்தது. எந்த ஒப்பந்தத்தில் எத்தனை கட்டுரைக்கு இடம், ஏழை நிறுவனத்து ஆய்வாளர் எங்கே போவார், பல்கலைக்கழகமே சொந்தமாக இதழ் நடத்தலாமா என்றெல்லாம் கணக்குப் போடுவது நூலகத்தின் அன்றாட வேலையாகிவிட்டது. இந்த வேலைக்குப் போதுமான ஆள் பல இடங்களில் இல்லை.

வாங்குவதே கூட மாறுகிறது. 2025 பிப்ரவரியில், நூலகங்களுக்கு மின்னூல் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், மின்னூல்களை ஒரே முறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் வழியை நிறுத்தப்போவதாகவும் இனி சந்தாதான் என்றும் அறிவித்தது. நூலகர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் காலக்கெடுவைத் தள்ளிவைத்தது, முடிவை மாற்றவில்லை. சொந்த வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போவது போன்ற மாற்றம் இது. சந்தா கட்ட முடியாத ஆண்டில் அந்த நூல்கள் என்ன ஆகும் என்று யோசிக்கிற பொறுப்பும் தலைமை நூலகருடையது.

உங்கள் மகளின் வேதியியலுக்கு வருகிறேன். 'மூன்று ஆண்டு படித்தது வீண்' என்று எழுதியிருந்தீர்கள். என் கணக்கில் அவளிடம் இருக்கும் பெரிய சொத்தே அதுதான். ஆய்வுக்கு நிதி தருபவர்கள் இப்போது கட்டுரையோடு தரவையும் கேட்கிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி முதல், நிதி கேட்கும்போதே தரவை எப்படிச் சேமிப்பீர்கள், எப்படிப் பகிர்வீர்கள் என்ற திட்டத்தையும் கேட்கின்றன. ஆய்வகத்தில் நிறமாலை எடுத்தவர் கோப்புக்கு 'புதுசு2' என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஐந்து ஆண்டு கழித்து அது யாருக்கும் புரியாது. அதைப் புரியும்படி விவரித்து, நிலையான அடையாள எண் கொடுத்து, களஞ்சியத்தில் சேர்க்க உதவுபவர் தரவு நூலகர். ஒரே சேர்மத்துக்குப் பல பெயர் இருக்கும், பெயரை வைத்துத் தேடினால் பாதி விட்டுப்போகும், ஒவ்வொரு சேர்மத்துக்கும் தரப்பட்ட பதிவு எண்ணை வைத்தோ அதன் கட்டமைப்பை வரைந்தோ தேட வேண்டும் என்பது வேதியியல் படித்தவளுக்குத் தெரியும். நூலக அறிவியல் மட்டும் படித்த ஒருவர் அதைத் தனியாகக் கற்க வேண்டும். எனவே வேதியியல் பாடப்புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடும் என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது. சில வேலைகளை விழுங்கும்: நூல் எதைப் பற்றியது என்று பொருள் தலைப்பு இடுவது, எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது. ஆனால் அது புதுத் தலைவலிகளையும் கொண்டுவந்திருக்கிறது. உரையாடல் கருவி கொடுத்த மேற்கோள் பட்டியலோடு மாணவர் நூலகத்துக்கு வருகிறார். ஆசிரியர் பெயர் நிஜம், இதழின் பெயர் நிஜம், கட்டுரை மட்டும் உலகத்திலேயே கிடையாது. பிழையோ மோசடியோ தெரிந்து இதழ்கள் திரும்பப் பெற்ற கட்டுரைகளை இன்னும் மேற்கோள் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். எதை நம்பலாம், எப்படிச் சரிபார்ப்பது என்று கற்றுக்கொடுப்பது இப்போது நூலகரின் வகுப்பு. இன்னொரு பக்கம், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா 2024-இல் தன் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்த மைக்ரோசாஃப்டுக்கு உரிமம் கொடுத்தது. பதிப்பகம் விற்கலாம், சந்தா கட்டிய பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வாளர் அதே உள்ளடக்கத்தைக் கணினியால் அலசக் கூடாதா? இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் இணைய அட்டவணை 2024 ஜனவரி வரை கிடைக்கவில்லை. பழைய கணினி அமைப்புகள் மீட்பை எவ்வளவு கடினமாக்கின என்பதை அந்த நூலகமே 2024 மார்ச்சில் அறிக்கையாக வெளியிட்டது. தலைமை ஏற்க விரும்பும் எவரும் அந்த அறிக்கையைப் படித்துவிட வேண்டும்.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். தலைமைப் பதவிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு தலைமை நூலகர்தான். அவர் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி காலியாகாது. காலியானாலும் வெளியிலிருந்து பேராசிரியரையோ தகவல் தொழில்நுட்ப அதிகாரியையோ அமர்த்துவது உண்டு. சில இடங்களில் நூலகத்தையும் கணினித் துறையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒரே இடத்தில் இருந்து பணிமூப்பால் மேலே வருவது அரிது. ஊர் மாற, சில நேரம் நாடு மாறத் தயாராக இருக்க வேண்டும். தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், திட்ட நிதி இருக்கும்வரைதான். மென்பொருள் துறைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அவள் போக விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆய்வுத் தரவு மேலாண்மை, பதிப்புரிமையும் உரிம ஒப்பந்தமும், தரவுத்தள மொழி அல்லது பைத்தான், ஒரு நூலகத்தில் நேரடிப் பயிற்சி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பகுப்பு முறையும் அட்டவணை விதியும் மட்டுமே முக்கால்வாசி இருந்தால் வேறு நிறுவனம் தேடுங்கள். அமெரிக்கா அல்லது கனடா அவள் மனதில் இருந்தால், அங்கே பல பல்கலைக்கழக வேலைகளுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலையைக் கேட்பார்கள் என்பதையும் இப்போதே கவனத்தில் வையுங்கள்.

சேர்க்கைக்குக் காத்திருக்கும் காலத்தில் அவள் சும்மா இருக்க வேண்டாம். நூலக நிர்வாகத்துக்கான கோஹா, ஆய்வுகளைச் சேமிக்கும் களஞ்சியத்துக்கான டிஸ்பேஸ் இரண்டும் இலவசத் திறமூல மென்பொருள்கள். தன் மடிக்கணினியில் நிறுவிப் பழகலாம். அதைவிட முக்கியம், அவள் படித்த கல்லூரி நூலகத்தின் உதவி மேசையில் கொஞ்ச நாள் உட்கார அனுமதி கேட்கட்டும். எரிச்சலோடு வரும் ஆய்வாளர், என்ன கேட்பது என்றே தெரியாமல் நிற்கும் முதலாண்டு மாணவர், இணைப்பு வேலை செய்யவில்லை என்று சத்தம் போடும் பேராசிரியர் என எல்லாரையும் அங்கே பார்ப்பாள். சாயங்காலம் அலுத்துக்கொண்டு வருகிறாளா, அன்று வந்த கேள்விகளைப் பற்றி உங்களிடம் பேசிக்கொண்டே வருகிறாளா என்று கவனியுங்கள். அலுப்புதான் என்றால் வேதியியலிலேயே முதுகலை படிக்கட்டும். நூலகப் படிப்பை அதற்குப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம், வயது ஒன்றும் தடையில்லை. பேச்சு நிற்கவே இல்லை என்றால், பாடத்திட்டத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.