வாசகர் கேள்வி பதில்: தற்காப்புக்கு எந்தக் கலை?

என் மகள் உயர்தரம் படிக்கிறாள். ஹட்டனில் டியூஷன் முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள்ளால் ஒரு மைல் நடக்க வேண்டும். டவுனில் கராத்தேயும் ஜூடோவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதில் சேர்ப்பது?
*ஒரு தாய், தலவாக்கலை*

கலையின் பெயரை விட வகுப்பு எப்படி நடக்கிறது என்பதே முக்கியம். காசு கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பெண்பிள்ளையைச் சேர்க்கவே வேண்டாம்.

பார்க்கும்போது ஒன்றைக் கணக்கெடுங்கள். எதிரே நிற்பவர் உண்மையாகவே திமிறி, இழுத்து, பிடியை விடாமல் நிற்க, அவரோடு பிள்ளைகள் எவ்வளவு நேரம் பழகுகிறார்கள்? ஒன்றரை மணி வகுப்பில் இருபது நிமிடமாவது இது இருக்க வேண்டும். வரிசையில் நின்று காற்றில் குத்துவதும், 'கட்டா' என்ற வரிசைப்படுத்திய அசைவுகளைத் தனியாகச் செய்வதும் உடம்பைப் பதப்படுத்தும், ஒழுங்கைக் கொடுக்கும். ஆனால் கையைப் பிடித்து ஒருவன் இழுக்கும்போது என்ன செய்வது என்பதை உடம்புக்குப் பழக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், புதுப் பெல்ட் என்று போகும் வகுப்பில் ஒரு தடவையாவது முழுப் பலத்தோடு மோதவிடுகிறார்களா என்று மாஸ்டரிடமே கேளுங்கள். நல்ல மாஸ்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இரண்டு வகுப்பும் ஒழுங்காக நடந்தால், இந்தப் பிள்ளைக்கு முதலில் ஜூடோ என்பதே எங்கள் அபிப்பிராயம். பெண்பிள்ளைகள் மீதான தாக்குதல் பெரும்பாலும் பிடியில்தான் தொடங்குகிறது. கையை, முடியை, பையைப் பிடிப்பார்கள். 1882இல் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில் சட்டையைப் பிடிப்பதும் பிடியை உடைப்பதும் அன்றாட வேலை. 'ரண்டோரி' என்ற சுதந்திரப் பயிற்சியில் எதிராளி விட்டுக்கொடுக்கவே மாட்டார். அத்தோடு விழப் பழக்குவார்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, முழுக் கையாலும் தரையை அடித்து விழ வேண்டும். உள்ளங்கையை ஊன்றி விழுபவர்களுக்குத்தான் மணிக்கட்டு முறிகிறது. மழை பெய்த தோட்ட ரோட்டில் இந்த ஒரு பழக்கமே பெரிய உதவி.

ஜூடோவில் அடி கிடையாது என்பது குறைதான். ஏழெட்டு மாதம் போனபின் குத்துச்சண்டையோ, உடம்பில் பட அடிக்கும் கராத்தேயோ சேர்த்துக்கொள்ளலாம். புள்ளிக்காக விளையாடும் கராத்தேயில், பட்டதும் நடுவர் நிறுத்துவார், இருவரும் விலகுவார்கள். அதையே பழகியவர் ரோட்டிலும் ஒன்று அடித்துவிட்டு நின்றுவிடுகிறார். கியோகுஷின் கராத்தேயில் உடம்பில் பலமாக அடிப்பார்கள், முகத்தில் கையால் குத்த அனுமதியில்லை. அதனால் முகத்தைக் காக்கத் தனியாகப் பழக வேண்டும்.

வகுப்பு பலன் தர ஒரு வருடம் ஆகும், மகள் இன்று மாலையும் அந்த வழியால்தான் வரவேண்டும். குறுக்குப்பாதையை விட்டு, லயத்து வீடுகள் பக்கமாகப் போகும் தோட்ட ரோட்டில் வரட்டும், கால் மணி கூடினாலும் பரவாயில்லை. அதே பஸ்ஸில் வரும் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம்.

நாங்கள் மண்டபத்தில் சமதரையில் பழகுகிறோம். எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ஏற்றம், இறக்கம், சேறு. பழகியது அங்கே சரிவருமா?
*ஓர் இளைஞர், பொகவந்தலாவை*

இதை எல்லா வகுப்பிலும் கேட்க வேண்டும், கேட்பவர்கள் குறைவு. தலைக்கு மேலே போகும் டைக்குவாண்டோ உதையை ஈரச் சரிவில் போட்டால் நிற்கும் கால் வழுக்கும், நீங்கள்தான் முதலில் கீழே விழுவீர்கள். முழங்காலுக்கு மேலே உதை வேண்டாம்.

சரிவில் மேலேயோ கீழேயோ நேராகப் பார்த்து நிற்காதீர்கள். பக்கவாட்டாக நின்று, ஒரு காலை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்து, இரண்டு முழங்காலையும் மடித்து, பாரத்தைக் கீழ்க் காலில் சற்றுக் கூடுதலாக வையுங்கள். மேலே நிற்பவனுக்குத் தள்ளுவது சுலபம், ஆனால் அவன் கால் உங்கள் கைக்கு எட்டும். கீழே நிற்பவன் காலை வாரிவிட்டால் மேலே நிற்பவன் அவன் மீதே வந்து விழுவான், இருவரும் உருளுவார்கள். ஆகவே சரிவில் கட்டிப்பிடித்துப் புரளும் எண்ணமே வேண்டாம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையென்றால் இன்னும் மோசம். வெட்டிய தண்டுகள் கூராக நிற்கும், விழுந்தால் வயிற்றிலும் முகத்திலும் குத்தும்.

ஓடுவதாக இருந்தால் நேரே ஏறாதீர்கள், மூச்சு முட்டும். நேரே இறங்கவும் வேண்டாம், தண்ணீர் ஓடும் கான் இருட்டில் தெரியாது. மலையைச் சுற்றிப் போகும் பாதையால் ஓடுங்கள்.

பழகும் முறை இதுதான். வாரத்தில் ஒரு நாள் வெளியே, ஈரப் புல்லில், நீங்கள் அன்றாடம் போடும் செருப்போடு பழகுங்கள். முதலில் முன்னும் பின்னும் பக்கமும் அடியெடுத்து வைப்பது, பத்து நிமிடம். பிறகு நண்பர் தோளில் தள்ள, விழாமல் நிற்பது, இரண்டு நிமிடமாக ஐந்து சுற்று. பின்பட்டி இல்லாத செருப்பு முதல் சுற்றிலேயே கழன்றுவிடும். அதைப் பார்த்தபின் எந்தச் செருப்போடு வேலைக்குப் போவது என்று நீங்களே தீர்மானிப்பீர்கள்.

பஸ்ஸில் ஒருவன் என் கையைப் பிடித்தான், உதற உதற விடவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
*ஒரு வாசகி, நுவரெலியா*

நேரே பின்னால் இழுத்தால் அவனுடைய நான்கு விரலோடும் முழு உடம்போடும் மல்லுக்கட்டுகிறீர்கள். எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். பிடியில் பலவீனமான இடம், அவன் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. பெருவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். விலகிப் போகாமல் அவன் பக்கம் அரை அடி வையுங்கள், முழங்காலை மடியுங்கள், உங்கள் முழங்கையை அவன் முழங்கையை நோக்கிக் கொண்டுபோங்கள். மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கம் அந்த இடைவெளிக்கு நேரே வரும்படி திருப்பி வெளியே எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்திருந்தால், பிடிபட்ட கையின் விரல்களை மூடி, அந்தக் கையை மற்றக் கையால் பற்றி, இரண்டு கையும் சேர்த்து மேல்நோக்கி இழுங்கள்.

முடியைப் பின்னாலிருந்து பிடித்தால் தலையை இழுக்காதீர்கள். இரண்டு உள்ளங்கையாலும் அவன் கையை உங்கள் தலையோடு அழுத்துங்கள், இழுவிசை குறையும். குனிந்தபடி அவன் பக்கம் திரும்பி, காலின் முன் எலும்பில் உதையுங்கள்.

அக்காவோடோ தங்கையோடோ வீட்டிலேயே பழகலாம். ஒவ்வொரு கையிலும் பதினைந்து தடவை. முதல் வாரம் பாதிப் பலத்தோடு பிடிக்கட்டும், அடுத்த வாரம் முழுப் பலத்தோடு, மூன்றாவது வாரம் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்கட்டும். மூன்றாவது வாரம் செய்து பார்க்காதவருக்கு முதல் வாரம் பழகியது வெறும் நம்பிக்கை மட்டும்தான். அதேபோல் 'கையை எடு!' என்று சத்தம் போடவும் பழகுங்கள். வாய் திறக்க வெட்கப்படுபவர்கள் வகுப்பிலேயே நிறைய இருக்கிறார்கள்.

இது சட்டப்படி குற்றமும்கூட. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாம். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

தாத்தாவிடம் சிலம்பம் கற்றேன். தற்காப்புக்கு உதவுமா?
*ஒரு வாசகர், பதுளை*

கால்வைப்பு, தூரம் கணிப்பது, மணிக்கட்டு வேகம் இந்த மூன்றும் உதவும். தனியாகச் சுற்றும் வீச்சு உதவாது. இருவர் கம்பெடுத்து, தலைக்கவசம் போட்டுத் தட்டிப் பழகுங்கள். தலையளவு கம்பு ரோட்டில் கையில் இருக்காது, குடைதான் இருக்கும். குடையளவுக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தித் தள்ளப் பழகுங்கள். வீசினால் குடை உடையும், அவன் பிடித்தும் விடுவான். வர்மப் புள்ளியைத் தொட்டு விழுத்தலாம் என்ற பேச்சை நம்பி எதையும் செய்யாதீர்கள். அசைந்துகொண்டிருப்பவனின் விரலளவு இடத்தில் அடிப்பது, பல வருடம் பழகியவருக்கும் கைகூடாது.

கத்தி எடுத்தால் பிடுங்குவது எப்படி?
*பெயர் வேண்டாம், மஸ்கெலியா*

பையையும் போனையும் தூர எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள். பிடுங்கச் சொல்லித்தருகிறேன் என்பவரிடம் ஒரு சோதனை செய்யுங்கள். அவர் பழைய வெள்ளைச் சட்டை போடட்டும், நண்பர் ஒருவர் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கத்தியாக வைத்து, சொல்லாமல், வேகமாக, திரும்பத் திரும்பக் குத்தட்டும். ஒரு நிமிடத்தில் சட்டையைப் பாருங்கள். ஓட வழியே இல்லையென்றால் மட்டும், கத்தி பிடித்த கையை இரண்டு கையாலும் பற்றி அவன் உடம்போடு அழுத்தி, விடாமல் கத்துங்கள். வெட்டுக்காயம் படும் என்று தெரிந்தே செய்யும் வேலை இது. அம்புலன்ஸுக்கு 1990.

திருப்பி அடித்தால் என் மீது வழக்கு வருமா?
*ஒரு வாசகர், பண்டாரவளை*

தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு, தன்னைக் காக்கும் உரிமையைப் பாவித்துச் செய்வது குற்றமல்ல என்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இல்லை. அவன் விழுந்து, நீங்கள் விலக முடிந்தபின் போட்ட உதை தற்காப்பு ஆகாது. முதலில் பொலிஸுக்குப் போய் முறைப்பாடு செய்யுங்கள். காயம் இருந்தால் அன்றே அரசாங்க வைத்தியசாலையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

லயத்தில் குத்துப்பை எப்படிச் செய்வது?
*ஒரு மாணவர், லிந்துலை*

உரச்சாக்கை நன்றாகக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சாக்கை எடுங்கள். தையற்கடை வெட்டுத்துணியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கட்டையால் இறுக்குங்கள், இருபது கிலோ போதும். மணல் போட வேண்டாம். அது அடியில் இறங்கிக் கல்லாகி மணிக்கட்டைக் கெடுக்கும். பழைய லயத்துக் கூரை மரத்தில் தொங்கவிடாதீர்கள், உக்கியிருக்கும். உறுதியான மரக்கிளையில் கட்டி, மழைக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். கையில் மூன்று மீற்றர் துணி சுற்றி, முதல் மாதம் பாதிப் பலத்தோடு, இரண்டு நிமிடமாக நான்கு சுற்று.