உப்புத்தாளால் வரும் கோடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஓவியர் மார்க் பிராட்ஃபோர்ட் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, பிறகு தேய்த்து எடுத்துச் செய்யும் காகித கொலாஜ்கள் (ஒட்டுப்படங்கள்) பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு நானும் ஒன்று செய்து பார்த்தேன். இரண்டடிச் சதுர அட்டையில் நாளிதழ், வாரப்பத்திரிகை, சினிமா போஸ்டர் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தச்சர்களின் வெள்ளைப் பசையால் 15 அடுக்கு ஒட்டினேன். மறுநாள் உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் சாண்டர் மிஷினை வைத்தால் இரண்டே நிமிடத்தில் உப்புத்தாள் அடைத்துக்கொண்டது. சில இடங்களில் தாள் திரிதிரியாகச் சுருண்டு வந்தது. மொத்தமும் சாம்பல் நிறம். அட்டை அப்பளம் போல வளைந்துவிட்டது. அவர் படங்களில் தெரியும் கோடுகள் எப்படி வருகின்றன? தவிர, வெட்டி ஒட்டுவதுதானே கொலாஜ்? தேய்த்து எடுப்பதை எப்படி அந்தப் பெயரில் சொல்வது?

க.

அன்புள்ள க.,

பெயர்ச் சண்டையை முதலில் முடித்துவிடலாம். பிராட்ஃபோர்டே இவற்றை ஓவியம் என்றுதான் சொல்கிறார். 1912ல் பிரெஞ்சு ஓவியர் பிராக், மரப்பலகை போல அச்சிட்ட சுவர்த்தாளைக் கரிக்கோட்டுப் படத்தில் ஒட்டினார். 1949ல் பாரிஸில் ரேமோன் ஹேன்ஸ், வில்லெக்லே என்ற இரு கலைஞர்கள் தெருச்சுவரில் கிழிந்து தொங்கிய போஸ்டர்களைப் பெயர்த்து வந்து அப்படியே மாட்டினார்கள். அங்கே ஒட்டியவர் ஒருவர், கிழித்தவர் வேறொருவர். பிராட்ஃபோர்டிடம் இரண்டு வேலையும் ஒரே கையில் நடக்கின்றன. அதனால்தான் எந்தத் தாள் எத்தனையாவது அடுக்கில் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் தவறியது இங்கேதான்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் தாள். அச்சடித்த தாளில் மை மேல்தோலில் மட்டும் இருக்கும். லேசாகத் தேய்த்தாலே அடியில் உள்ள வெள்ளை வந்துவிடும். வழவழப்பான பத்திரிகைத் தாளில் சுண்ணப்பூச்சு வேறு உண்டு, அது மாவாக உதிர்ந்து எல்லா நிறத்தின் மீதும் படியும். 15 அடுக்கும் இப்படி என்றால் கிடைப்பது சராசரி, சராசரி எப்போதும் சாம்பல்தான். கூழிலேயே நிறம் கலந்த தாள்களை, பட்டம் ஒட்டும் தாள், பொட்டலம் கட்டும் பழுப்பு கிராஃப்ட் தாள் போன்றவற்றை, நடுவில் கொடுங்கள். ஒரே நிறத்தில் மூன்று நான்கு அடுக்கு சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும். ஒற்றைத் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம்தான், கை கொஞ்சம் அழுந்தினாலே போய்விடும்.

இனி கோடு. அது மேலே வரையப்படுவதில்லை. ஐந்தாறு அடுக்கு ஒட்டியபின் 2 மி.மீ. சணல் கயிற்றை வேண்டிய வடிவில் பதித்து, அதன் மேல் மீதி அடுக்குகளை ஒட்டுங்கள். கயிறு கிடக்கும் இடம் மேடாகும். தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடுதான் முதலில் தேயும். உச்சியில் பழைய அடுக்கும் அதன் இருபுறமும் புதிய அடுக்குகளும் வரிசையாகத் தெரியும். நில வரைபடத்தில் மலையைச் சுற்றி உயரக்கோடுகள் வருவது போலத்தான். பிராட்ஃபோர்ட் படங்கள் வானிலிருந்து பார்த்த நகரம் போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளக்கோடு வேண்டுமென்றால் கயிற்றின் ஒரு முனையை வெளியே விட்டுவைத்து, பசை முழுதும் காயும் முன் இழுத்தெடுங்கள். மேலே உள்ள தாள்களைக் கிழித்துக்கொண்டு வரும். 2017ல் வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் வைத்த 'பிக்கெட்ஸ் சார்ஜ்' தொகுதியில் கயிறு இழுத்த காயங்களை நிறையப் பார்க்கலாம். மொத்தம் எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் 45 அடிக்கு மேல் நீளம். (அதில் பாதி வேலையை அளவே செய்துவிடுகிறது என்பது என் எண்ணம்.)

உப்புத்தாள் அடைத்ததற்குப் பசைதான் காரணம். வெள்ளைப் பசை காய்ந்தால் பிளாஸ்டிக். சாண்டரின் சூட்டில் இளகி, தூளைப் பிடித்துக்கொண்டு பிசினாகிவிடும். மைதாப் பசைக்கு மாறுங்கள். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் கரைத்து, கண்ணாடிப் பதம் வரும்வரை காய்ச்சி ஆறவைக்க வேண்டும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். இதில் சேர்க்கவே கூடாது, தேய்க்கும்போது தூளாக மூச்சில் போகும். பூச்சிக்குப் பயந்தால் வேலை முடிந்தபின் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள்.

திரிதிரியாக வந்தது ஈரத்தால். மூன்று அடுக்குக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு நாள் காயவிடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மிஷின் வேண்டாம், முதலில் கையாலேயே 80ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 220. முகக்கவசம் அவசியம்.

வளைவுக்கு மருந்து, அட்டைக்குப் பதில் 12 மி.மீ. ப்ளைவுட். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். பின்புறமும் தாள் ஒட்டினால் இழுப்பு சமமாகும்.

கயிறும் சாண்டரும் இல்லாமல் தொடங்க வேண்டுமானால் பிராட்ஃபோர்டின் ஆரம்பகாலப் படங்களைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் அம்மாவின் சலூனில் வேலை பார்த்தவர் அவர். முடியைச் சுருட்டையாக்கும்போது நுனியைச் சுற்றி வைக்கும் உள்ளங்கையளவு மெல்லிய தாள்களின் ஓரத்தைக் கருக்கி, வரிசையாக ஒட்டினார். கருகிய ஓரமே கோடு. பின்னால் வந்த பிரம்மாண்டங்களைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

பெரிய பலகைக்குப் போகுமுன் ஒரு சாண் துண்டில் ஒத்திகை பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் ஒவ்வொரு தாளையும் முந்தையதைவிட கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். படிக்கட்டு போல எல்லா அடுக்கும் வெளியே தெரியும். அதில் பென்சிலால் எண் போட்டு, அந்த ஓரத்தைத் தேய்க்காமல் விடுங்கள். நடுவில் ஒரு நிறம் எட்டிப்பார்க்கும்போது இன்னும் எத்தனை அடுக்கு கீழே மிச்சமிருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.