வாத்தியார் வேலை

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதித்தான் யானோஸ் ஸ்டார்க்கரின் செல்லோ (வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி) இசையைக் கேட்கத் தொடங்கினேன். முகத்தில் சலனமே இல்லை. சற்று வறட்சியாகப் படுகிறது. இவ்வளவு பெரிய கலைஞர் ஒரு சிற்றூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போனது வீண்தானே? என் மகளும் செல்லோ கற்கிறாள். அவளுடைய ஆசிரியை மாதக்கணக்காக, விரலே வைக்காமல் வெறும் தந்தியில் வில்லை இழுக்க வைக்கிறார். கச்சேரி செய்யும் ஒருவரிடம் மாற்றலாமா? ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை ஸ்டார்க்கர் வாசித்த பதிவுகளில் எதை முதலில் கேட்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முகத்தை விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், போதும்.

'வாத்தியார் வேலைக்குப் போனது வீண்' என்ற வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பிள்ளையைப் படிக்க அனுப்புகிறவர் எழுதுகிற வரியா இது? மேடை கிடைக்காதவன்தான் சொல்லிக்கொடுக்கப் போவான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. கொஞ்ச நாளாகவே அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

ஸ்டார்க்கர் மேடையை விடவே இல்லை. 1958ல் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் முதன்மைச் செல்லோ கலைஞர் என்ற இடத்தை விட்டுவிட்டு, புளூமிங்டனில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தனிக் கச்சேரிகள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தன. 2013ல் இறக்கும்வரை அதே ஊர்தான்.

1924ல் புடாபெஸ்டில் பிறந்தவர், எட்டு வயதிலேயே பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வயலின் வாசித்த அண்ணன்கள் இருவரையும் நாஜிகள் கொன்றார்கள். அவரும் புடாபெஸ்டின் செப்பல் தீவிலிருந்த நாஜித் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து உயிர் தப்பினார். போருக்குப் பிறகு வந்தது வேறொரு சோதனை. குழந்தை மேதையாக வளர்ந்தவருக்கு வாசிப்பு தானாக வந்துகொண்டிருந்தது. எப்படி வருகிறது என்று தெரியாது. அது வராமல் போனால் என்ன செய்வது? பயந்துபோய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். வில் திசை திரும்பும் கணத்தில் தோள் என்ன செய்கிறது, கட்டைவிரல் ஏன் இறுகுகிறது, மூச்சு எங்கே நின்றுபோகிறது என்று. தனக்காகத் தேடிய அதைத்தான் பிறகு மாணவர்களுக்குச் சொன்னார். ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் தனிச் செல்லோவுக்கு எழுதிய சொனாட்டா என்ற படைப்பில் கீழ் இரண்டு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கிச் சுருதி கூட்ட வேண்டும். அந்தத் தந்திகளில் பழகிய விரலிடமெல்லாம் மாறிவிடும். அவர் அதை வாசிப்பதைக் கேளுங்கள். வீணாக ஒரு தசைகூட இறுகாத கை அது.

பழைய செல்லோ மேதை டேவிட் போப்பரின் மாணவர் அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் மாணவர் ஸ்டார்க்கர். ஸ்டார்க்கரின் மாணவர் சுயோஷி சுட்சுமி 1963ல் புடாபெஸ்டில் நடந்த, செல்லோ மேதை கசல்ஸின் பெயரிலான சர்வதேசச் செல்லோ போட்டியில் வென்றார். பின்னாளில் அவரும் ஆசிரியரானார். இவர்களில் யார் வீணாய்ப் போனது, சொல்லுங்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று வருந்த வேண்டாம். மகள்மேல் உங்களுக்குள்ள அக்கறை புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆசிரியையை மாற்றாதீர்கள். அடுத்த வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து, குழந்தையின் தோளையும் மணிக்கட்டையும் அவர் எப்படிக் கவனிக்கிறார் என்று பாருங்கள்.

பாக் கேட்டிருந்தீர்கள். 1998ல் கிராமி வாங்கிய பதிவிலிருந்து தொடங்குங்கள்.