ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் நாள் கடத்தாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 47. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் 19 வருடமாக, தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷின் ஓட்டுகிறேன். ஒரு வருடமாக ராத்திரி படுத்தால் இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிற மாதிரி சத்தம். மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் காது அடைக்கிறது. காதில் அழுக்கும் சேர்கிறது, பட்ஸ் போட்டு எடுக்கிறேன். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது சுத்தமாகக் கேட்கவில்லை. யூடியூபில் பார்த்தால், காது இரைந்தால் மூளையில் கட்டி என்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. இப்போது பனி ஒத்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இடது காது வேறு அடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போனை வைத்தால் பேச்சே கேட்கவில்லை. நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காது இரைச்சலுக்கு ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை நல்லது என்கிறார்கள், வாங்கலாமா? நானும் அப்பா மாதிரி ஆகிவிடுவேனா டாக்டர்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில் அந்தத் தைலப் பஞ்சை எடுத்துப் போடுங்கள். அடுத்து, இன்றே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இன்று முடியாவிட்டால் நாளைக் காலை. அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

கடிதத்தில் எட்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நான் பதறியது ஒன்றுக்குத்தான்: பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இடது காது கேட்கவில்லை என்று, அதற்கு. கடிதம் கைக்கு வந்ததுமே உங்களை அழைத்துச் சொல்லிவிட்டேன். இதைப் படிக்கும் நேரத்தில் நீங்கள் மருத்துவமனைக்குப் போய் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே மாதிரி ஒரு காதை அடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது, தூங்கி எழுந்தபோதோ, ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால் அது உள்காதின் நரம்பு திடீரென்று செயலிழந்ததால் இருக்கலாம். வலிக்காது, சீழ் வராது, காய்ச்சல் அடிக்காது. வெறுமனே அடைத்த மாதிரி இருக்கும். அதனால்தான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் இப்படிக் கேட்பு இறங்குவதை நாங்கள் அவசரமாகப் பார்க்க வேண்டிய நோய் என்றே சொல்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு இன்ன காரணம் என்று கடைசி வரை தெரிவதில்லை. ஆனால் வைத்தியம் இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு, கேட்பு திரும்பி வர வாய்ப்பு அதிகம். வாரங்கள் ஓடிவிட்டால் எங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

எங்களிடம் வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? ஒரு வாரம் குல்லாவும் மஃப்ளரும் கட்டிக்கொண்டு ஆவி பிடிப்பார்கள். சரியாகவில்லை என்றதும் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி அடுத்த வாரம் முழுக்க ஊற்றுவார்கள். அப்புறம் பூண்டு காய்ச்சிய எண்ணெய். மூன்றாம் வாரம், நான்காம் வாரம் வந்து உட்கார்ந்து, "சளி இறங்கவே மாட்டேங்குது டாக்டர்" என்பார்கள். போன காதைத் திரும்பக் கொண்டுவர இருந்த நல்ல நாட்களை எண்ணெயில் கரைத்துவிட்டு வருகிறவரைப் பார்க்கும்போது எனக்குக் கோபமும் வருகிறது, வருத்தமும் வருகிறது. சிலருக்கு மருந்தில்லாமல் தானாகவே சரியாவதும் உண்டு. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. ஆகவே காத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? அடைத்த காதிலேயே பலமாகக் கேட்டால் குறும்பியோ சளியோ வழியை மறித்திருக்க வாய்ப்பு அதிகம். சத்தம் நல்ல காதுக்கு ஓடிவிட்டால் நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு காதும் நன்றாக இருப்பவர்கள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், அடைத்த பக்கமே சத்தம் கூடுவது தெரியும். நாங்கள் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் இது எதைச் சந்தேகப்படுவது என்று காட்டும் அடையாளம் மட்டுமே. முனகல் அடைத்த காதில்தான் கேட்டது, அதனால் போகவில்லை என்று யாரும் இருந்துவிடாதீர்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது கோவைக்கு இறங்குங்கள், எது உங்களுக்குச் சீக்கிரமோ அது. சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் மருத்துவர் அளவு முடிவு செய்வார். தேவைப்பட்டால் மாத்திரைக்குப் பதில் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போடுவார். இந்த மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு யாரும் கடையில் நேராகப் போய் வாங்கி விழுங்காதீர்கள். காது அடைப்போடு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் துவண்டாலோ ஆடியோகிராமுக்கெல்லாம் நிற்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனை முடியும்வரை மெஷின் ஹாலுக்குப் போகவேண்டாம்.

சரி, கட்டி. ஒரு வருடமாக, இரண்டு காதிலும் ஒரே மாதிரி, 19 வருடம் சி.டி.சி. ரோலருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வரும் இரைச்சலுக்குக் காரணம் தேட மூளைக்குள் போக வேண்டியதில்லை. அந்த வீடியோவை எடுத்தவருக்கு உங்கள் காதைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் பயத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். ஒரு காதில் மட்டும் இரைச்சலோ கேட்புக் குறைவோ இருந்தால் நாங்கள் பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதுண்டு. உங்கள் இடது காதுக்கும் சொல்வார்கள். அதைக் கேட்டு நடுங்க வேண்டாம். கேட்பு நரம்பை ஒட்டி வளரும் ஒருவகைக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது. அப்படி எடுத்தவர்களில் கொஞ்சப் பேருக்கே அது இருக்கும். அதுவும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்வது. நாடித்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று ஒரு காதில் இரைந்தாலும் காட்ட வேண்டும்.

உங்கள் சில்வண்டுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கும், முடி போன்ற நுண்ணிய இழைகள் கொண்ட செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு. கவாத்து அடித்த தேயிலைச் செடி மறுபடி துளிர்க்கும், இவை துளிர்ப்பதில்லை. ஓயாத மெஷின் இரைச்சலில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள மெல்லிய, கீச்சென்ற சத்தங்களை வாங்கும் செல்கள். அங்கிருந்து வரவேண்டிய சேதி குறையும்போது மூளை தானே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்றுதான் இப்போது புரிந்துகொண்டிருக்கிறோம். இதோடு இன்னொன்றும் நடந்திருக்கும். வீட்டில் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், "எத்தனை தடவை சொல்றது" என்று வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள். ச, ஸ, த போன்ற ஒலிகள் நழுவுவதால் வருவது இது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காதுக்குள் கேட்கும் இந்த இரைச்சல் உங்களைச் செவிடாக்காது. காது அடிபட்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது, அவ்வளவே. ராத்திரியில் மட்டும் பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் நம் ஊர்தான். சமவெளியில் விடிய விடிய ஃபேன் ஓடும். கோத்தகிரியில் ஃபேன் எதற்கு? ஜன்னலைச் சாத்திக் கம்பளியைப் போர்த்தினால் வேறு சத்தமே கிடையாது, காதுக்குள் இருப்பது மட்டும்தான் கேட்கும். படுக்கும்போது ரேடியோவையோ, செல்போனில் மழைச் சத்தத்தையோ மிகச் சன்னமாக ஓடவிடுங்கள். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கக்கூடாது, அதோடு கலந்து கேட்டால் போதும். ஜின்கோவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். காது இரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஜின்கோ ஆபத்தும்கூட.

அப்பாவைப் பற்றிய பயம் புரிகிறது. வயதாக ஆகக் கேட்பு குறைவது நிறையப் பேருக்கு உண்டு. கொஞ்சம் பரம்பரையும் சேரும். அதை நாம் மாற்ற முடியாது. வயதோடு மெஷின் இரைச்சலும் கூட்டுச் சேர்ந்து, அறுபதில் வரவேண்டியது ஐம்பதில் வராமல் தடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடியும் என்றால் அங்கே இரைச்சல் 85 டெசிபெலை (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டிவிட்டது. 85-ல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும் என்பது மருத்துவக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-ல் கால் மணி நேரம்தான். சி.டி.சி. ஹாலில் பக்கத்து ஆளைக் கூப்பிடக் கையைத்தானே ஆட்டுகிறீர்கள்? முதுகில் என்ஜினைக் கட்டிக்கொண்டு மெஷினால் இலை எடுக்கும் சிறு விவசாயிகளுக்கும் இதே கணக்குதான். அவர்களில் காதைப் பற்றி யோசிக்கிறவர் மிகக் குறைவு.

காதில் பஞ்சு வைத்துக்கொள்வதால் பயன் இல்லை. நுரை இயர்பிளக் வாங்குங்கள். டீத்தூள் ஒட்டிய கையோடு தொடாமல் கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, பிளக்கை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியபடியே இருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வேலை செய்யாது. சரியாகப் பொருந்தினால் உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள் கனமாகக் கேட்கும். ஷிஃப்ட் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தாலே கிடைத்த பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும். ரோலர் சத்தம் மாறினால் தெரியாதே என்று மெஷின்காரர்கள் சொல்வார்கள். தெரியும். சில நாள் பழகினால் பிளக்கோடே வித்தியாசம் கேட்கும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். மலை இறங்கும்போது காது அடைப்பது எல்லோருக்கும் வருவது. வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறக்கத் தாமதமாகிறது. எச்சிலை விழுங்குங்கள், கடலை மிட்டாய் மெல்லுங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் விட்டுவிடும் அடைப்புக்கு வைத்தியம் தேவையில்லை. குறும்பி அழுக்கில்லை, அது தானாக வெளியே வரும். பட்ஸ் அதை உள்ளேதான் தள்ளும். பனிக்காற்று காதுக்குள் புகுந்து நரம்பைக் கெடுக்காது. நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவுங்கள், துணியில் விட்டு முகருங்கள். காதுக்குள் மட்டும் வேண்டாம், துவாரத்தின் தோல் புண்ணாகும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய், சொட்டு மருந்து எதை ஊற்றினாலும் தொல்லை.

இடது காதுக்கு எடுக்கும் ஆடியோகிராமிலேயே வலது காதின் நிலையும் தெரிந்துவிடும். அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். ஃபேக்டரி மேலாளரிடமும் ஒரு பிரதி கொடுத்து இயர்பிளக்கும், ஹாலுக்கு வெளியே கொஞ்ச நேர வேலையும் கேளுங்கள். வேலையிடத்து இரைச்சலால் வரும் கேட்புக் குறைவைச் சட்டமே தொழில்நோய் என்று பட்டியலிட்டிருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல, கூச்சப்படாதீர்கள். கூட வேலை பார்ப்பவர்களையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.