அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை விசை பழுதுபார்த்த பிறகு விற்கலாமா?

"காலமான அப்பாவின் பெயரில் உரிமம் உள்ள பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் விசை சரியாகப் பிடிக்கவில்லை, உதிரி பாகம் வாங்கி மாற்றிவிட்டு விற்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கலாம், ஆனால் விசையைத் தொடாதீர்கள். இதைச் சொல்வதால் என்னைத் துப்பாக்கி மோகம் கொண்டவன் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வத்தலக்குண்டுக்கு மேலே மலைத்தோட்டம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது, அப்பாவின் பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு) துப்பாக்கி யானையையும் பன்றியையும் சத்தம் காட்டி விரட்டியதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

துப்பாக்கி இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றே ஊகிக்கிறேன். அப்படியானால் நாளைக்கே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், ஏனென்றால் அப்பாவின் உரிமம் உங்களுக்குத் தானாக வந்து சேராது. விற்பதற்காகவே உங்கள் பெயரில் உரிமம் எடுக்கவும் தேவையில்லை. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த துப்பாக்கியை வாரிசே உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் பெறலாம், கெடுவைத் தவறவிட்டால்தான் அது அரசுக்குப் போய்விடும். இது தெரியாமல் நான் ஆட்சியர் அலுவலகத்துக்கு 14 மாதம் நடந்தேன். அப்பா 70 வயதைக் கடந்தபோதே, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, வாரிசுக்கு மாற்றிக்கொள்ள மனுச் செய்திருக்கலாம் என்பதை ஓர் எழுத்தர் பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

விசைக்கு வருகிறேன். எங்களுடையது குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி, வெளியே தெரியும் பெல்ஜியம் துப்பாக்கி. அதன் இடப்பக்க விசை தளர்ந்திருந்ததால், நண்பர் ஒருவர் வேறொரு பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றிய பாகங்களைக் குறைந்த விலைக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார், நானும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது என்பதும், உரிமமில்லாத ஆள் துப்பாக்கியைப் பழுதுபார்த்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை என்பதும் ஆயுதக் கடைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கடையின் முதிய மிஸ்திரி இரண்டு குழல்களிலும் வெற்றுத் தோட்டாவைப் போட்டு, குதிரைகளை ஏற்றி, விசையில் விரலே வைக்காமல் துப்பாக்கியின் மரக்கட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். இடப்பக்கக் குதிரை "டக்" என்று விழுந்தது. உள்ளே குதிரையைத் தாங்கும் பல்லை உருப்பெருக்கியில் காட்டி, "இது தேய்ந்ததல்ல தம்பி, யாரோ அரம் போட்டிருக்கிறார்கள்" என்றார். அந்த யாரோ, தொண்ணூறுகளில் விசை கடினமாக இருக்கிறதென்று அப்பா கொடுத்தனுப்பிய லேத் பட்டறைக்காரர்தான் என்பதை நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு பாகமும் அதனதன் பூட்டுக்கு (குதிரையும் விசையும் இயங்கும் பொறிக்கு) ஏற்பக் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டது. இன்னொன்றின் பாகம் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் பிடிமானம் ஒன்றாக இருக்காது. இத்தனை வருடம் அந்தக் குதிரையை ஏற்றி வைத்துக்கொண்டு வரப்பில் நடந்திருக்கிறோம்.

எனவே பழுதை எழுத்தில் குறிப்பிட்டு, இருந்தபடியே விற்றேன். வாங்கியவர் ஓய்வுபெற்ற ராணுவத்தினர். அவருடைய உரிமத்தில் துப்பாக்கியின் எண் ஏறும்வரை கடைக்காரர் அதை வெளியே விடவில்லை. (உங்கள் அப்பா உயிருடன் இருந்து தாமே நேரடியாக விற்றிருந்தால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.)

விலை படியவில்லை என்பது உண்மை. அதற்கு விசை மட்டும் காரணமல்ல. 2014, 2016 தேர்தல்களின்போது ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தோம். எண்ணெய் தடவிக் கொடுத்த துப்பாக்கி, குழலின் உட்புறம் துருப்பிடித்துத் திரும்பி வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உரிமம் வைத்திருப்பவனின் பொருளை ஒரு சாக்குத்துணியிலாவது சுற்றி வைக்கக் கூடாதா? வந்தவர் குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்ததும் 3,000 ரூபாயைக் குறைத்தார், எனக்கும் வாதாட முகமில்லை.

குழல் துடைக்கும் கம்பியை மட்டும் அவர் மறந்துவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது. அதற்கு இதுவரை யாரும் உரிமம் கேட்கவில்லை.