கிரீன் டீ குடித்தால் கொலஸ்ட்ரோல் குளிசையை விடலாமா?

கேள்வி: வயது 54. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168 என்று கிளினிக்கில் இரவுக்கு கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோவாஸ்டட்டின் குளிசை 20 மில்லிகிராம் தந்தார்கள். இரண்டு மாதமாகக் கிரீன் டீயும் குடிக்கிறேன். இனிக் குளிசையை நிறுத்தலாமா? கிரீன் டீ ஏன் இப்படிக் கசக்கிறது?
— வாசகி, கல்லடி

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. கிரீன் டீயிலுள்ள கற்றகின்கள் என்னும் இயற்கைச் சேர்மங்கள் குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கின்றன. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்.டி.எல். சராசரியாக டெசிலீற்றருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரைதான் இறங்குகிறது, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) அசைவதேயில்லை. உங்கள் 168 அதனால் மட்டும் 164 ஆகலாம். குளிசையோ அதே எண்ணை 100க்குக் கிட்டக் கொண்டுவரும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியிருந்தால் பெரும்பங்கு குளிசையுடையது. அதை விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

ஜப்பானின் ஓசாகியில் சுமார் 40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், தினம் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம் இருதய, இரத்தக்குழாய் நோய் மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது அவதானிப்பு மட்டுமே. தேயிலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கசப்புக்குக் காரணம் கொதிதண்ணி. கேத்திலை இறக்கி, மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணி 80 பாகைக்குக் கிட்ட வரும். 200 மில்லிலீற்றருக்கு ஒரு பை அல்லது 2 கிராம் இலை போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பையைப் பிழியவும் கூடாது. கசக்கிறதே என்று இரண்டு கரண்டி சீனி போட்டால் ட்ரைகிளிசரைட் என்னும் இரத்தக் கொழுப்புக்குத்தான் உபகாரம். தேசிக்காய்ச் சாறு சில துளி போதும்.

அட்டோவாஸ்டட்டின் போன்ற ஸ்டட்டின் குளிசையைக் கிரீன் டீயுடன் விழுங்கினால் இரத்தத்தில் அதன் அளவு குறையலாம். பச்சைத் தண்ணியுடன் போடுங்கள், தேநீரைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் எடுப்பவர்கள் கிரீன் டீ குடிப்பதைக் கிளினிக்கில் சொல்லியே ஆகவேண்டும். திடீரென்று கூட்டிக் குடித்தால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) மாறும். இரும்புச்சத்துக் குளிசைக்கும் ஒரு மணிநேரமாவது இடைவெளி தேவை.

கோப்பையை விடச் சட்டியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். புட்டுக்கு முதற்பாலில் சொதி, மத்தியானம் எருமைத் தயிர் என்று போனால் எத்தனை கோப்பை குடித்தும் ஈடுகட்டாது. சொதியை இரண்டாம் பாலில் வையுங்கள். தயிர் கிழமைக்கு ஒரு நாள், அதுவும் சீனியோ பாணியோ இல்லாமல்.

கேள்வி: உடல் மெலிவதற்குக் கிரீன் டீ கப்சூல் எடுக்கலாமா?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: எடுக்காதீர்கள். ஒரு நாளில் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. (கிரீன் டீயின் முக்கிய கற்றகின்) உள்ள கப்சூல்களால் ஈரல் நொதியங்கள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது. ஏற்கனவே எடுப்பவருக்குச் சிறுநீர் கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்.