நனைந்த சட்டையைத் துவைத்தீர்கள், ஏன் நனைந்தது என்று கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மாமாவுக்கு (மாமனார்) 71 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர், பல வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). போன முறை இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்ததால் அவர் சாப்பாட்டை நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். தராசு வாங்கினேன். 100 கிராம் அரிசிக்கு 360 கலோரி என்று கைப்பேசியில் பார்த்துக் குறித்து, மதியம் 100 கிராம், இரவு 100 கிராம் சோறு நிறுத்துப் போடுகிறேன். மற்றதையும் சேர்த்து நாளைக்கு 1,200 கலோரியைத் தாண்ட விடுவதில்லை. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த கிளிக்லசைட், மெட்ஃபார்மின் மாத்திரைகளை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறேன். அவரோ சாயங்காலம் நாலு மணியானால் லிஃப்டில் இறங்கி ஒட்டுக்கடைக்குப் போய் தே தாரேக் (டின்பால் டீ) குடிக்கிறார். கிளம்பும்போதே சட்டை தொப்பலாக நனைந்திருக்கும், அதையும் நான்தான் துவைக்கிறேன். கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் கணவர் "நீயே பார்த்துக்கோ" என்கிறார். இனி மாமாவுக்குத் தே தாரேக் கொடுக்காதீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாமா?

— வாசகி, செந்தூல்

பதில்: சொல்லாதீர்கள். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

மாமியார் முறுக்கு டின்னை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார், அப்பா கல்யாண வீட்டில் கேசரியை விடமாட்டேன் என்கிறார் என்று மாதம் தவறாமல் கடிதங்கள் வருகின்றன. உங்களுடையதையும் அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன். சட்டை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். கலோரியைப் பற்றி வரிவரியாக எழுதியிருக்கிறீர்கள், சட்டைக்கு ஒரு வரி. அதுவும் துவைக்கிற வேலையைச் சொல்ல வந்த இடத்தில்.

கடைக்குப் போய்த் திரும்பும்போது நனைந்திருந்தால் வெயில் என்று விட்டுவிடலாம். வீட்டுக்குள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கிளம்பும்போதே எப்படித் தொப்பலாக நனைகிறது? தினமும் அதே நாலு மணிக்கு? அந்த நேரத்தில் அவர் கையைப் பார்த்தீர்களா, நடுங்குகிறதா? முகம் வெளுத்திருக்கிறதா? "முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்கிறீர்கள். சர்க்கரை இறங்கிய ஆளுக்குப் பேசத் தெம்பு இருக்காது, எரிச்சல் வரும், நிதானம் தடுமாறும். அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

கிளிக்லசைட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. சாப்பிட்டாரா, எவ்வளவு சாப்பிட்டார் என்று அது பார்க்காது. காலையில் விழுங்கினால் பகலெல்லாம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சர்க்கரை இறங்கும் ஆபத்து இன்னும் கூடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படி ஆவது அரிது. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டுச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை 4-க்குக் கீழே (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) போகலாம். கூடினால்தான் ஆபத்து என்று நம் சனங்கள் நினைக்கிறார்கள். கூடிய சர்க்கரை பெரும்பாலும் வருடக்கணக்கில் அரிக்கும். இறங்கிய சர்க்கரை அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும். மாமா தே தாரேக்குக்கு ஓடுவது நாக்கு ருசிக்கு என்று நான் நம்பவில்லை. டின்பால் இனிப்பு உள்ளே போனதும் உடம்பு நிலைக்கு வருகிறது, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கிளாஸைத்தான் நிறுத்தச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. விரலைக் குத்திப் பார்க்காமல் யாரும் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருதயக் கோளாறுக்கும் இப்படி வியர்க்கும், அப்படியென்றாலும் நாளைக்கே டாக்டர் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் 360-க்கு வருகிறேன். அது அரிசியின் கணக்கு, வேகாத அரிசி. வெந்த சோறு 100 கிராமில் இருப்பது ஏறக்குறைய 130 கலோரிதான். அரிசி வேகும்போது தண்ணீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடை ஏறுகிறது. உலையில் கை வைத்த யாருக்கும் இது தெரியும், உங்களுக்கும் தெரியும். கைப்பேசி எண்ணைக் கொடுத்ததும் அந்த அறிவை ஒதுக்கி வைத்துவிட்டீர்கள். 360-இல் 130 போனால் மதியம் 230, இரவு 230, ஆக ஒரு நாளைக்குச் சோற்றில் இல்லாத 460 கலோரியை இருப்பதாக எழுதி வந்திருக்கிறீர்கள். உங்கள் 1,200 உண்மையில் 740. இதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். 71 வயது ஆளை, அந்த மாத்திரையும் கொடுத்து, 740-இல் வைத்திருக்கிறீர்கள். 1,200 என்ற எண்ணையே யார் சொன்னார்கள்? கிளினிக்கில் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

தராசு வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்ல மாட்டேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்கிறது, நம் இந்தியர் வீடுகளில் அதைவிடக் கூடுதல். கால் அறுக்கப்பட்டவர்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். சோற்றைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் யாருக்கு நிறுக்கிறோம் என்று யோசித்தீர்களா? தோட்டத்தில் விடியுமுன் மரத்துக்குப் போய், வெட்டி எடுத்த பாலைத் தூக்கி வந்து நிறுவைக்கு வரிசையில் நின்றவர் அவர். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதியதுதான் எடை, அந்த எடைக்குத்தான் கூலி. என் தகப்பனாரும் அந்த வரிசையில் நின்றவர், நிறுவை முடிந்து வரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளை வீட்டில் அவர் கண்ணெதிரே சோற்றைத் தராசில் வைக்கிறீர்கள், ஏம்மா. நிறுக்கத்தான் வேண்டுமென்றால் அடுப்படியிலேயே ஒருமுறை நிறுத்து, எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, தராசை எடுத்து உள்ளே வையுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு-சுகு செபாரோ’வுக்குத் தராசு தேவையில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். அவரே போட்டுக்கொள்ளட்டும். நீங்களும் அதே மாதிரித் தட்டோடு அவர் எதிரே உட்காருங்கள். தாளிக்கும் எண்ணெயையும் பாருங்கள், ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி, உங்கள் 100 கிராம் சோற்றுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

அடுத்து உங்கள் கணவர். இந்தக் கடிதத்தில் அவர் பேசுவது ஒரே ஒரு வாசகம், "நீயே பார்த்துக்கோ." பெற்ற தகப்பன் அவருக்கு. மருமகள் பார்ப்பது பெரிய குணம், நான் மறுக்கவில்லை. ஆனால் மகனுடைய கடமையை மருமகள் தலையில் இறக்கி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை, எனக்கு அதில் அடங்காத கோபம் உண்டு. அப்பா கிளினிக்குக்கு யாரோடு போகிறார்? டாக்டர் முன்னால் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? நீங்கள் சாப்பாட்டைக் குறைத்தது டாக்டருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கலாம். இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள். அவசர விடுப்பு எடுத்து, மாத்திரை உறைகளையும் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே அப்பாவை அவரே அழைத்துப் போகட்டும். கிளினிக்கில் முன்பே கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதுவரை நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். இப்போதே கிளினிக்குக்கு போன் போட்டு, நாளைக் காலை மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள்.

இன்று சோற்றைக் கூட்டிப் போடுங்கள். மூன்றரை மணிக்குக் கணினியை மூடிவிட்டு மாமாவின் பக்கத்தில் உட்காருங்கள். விரலைக் குத்திப் பார்க்கும் மெஷின் மருந்துக்கடையில் கிடைக்கும், தராசு வாங்கியவருக்கு இது பெரிய காசில்லை. 4-க்குக் கீழே வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை சீனித் தண்ணீர். ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ கொடுங்கள். மெஷின் வாங்குவதற்குள் வியர்வையும் நடுக்கமும் வந்துவிட்டால் சீனித் தண்ணீர்தான் முதலில். விழுங்க முடியாத அளவுக்கு மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

அவரிடம் "நாலு மணிக்கு உங்களுக்கு என்ன செய்கிறது, மாமா?" என்று கேளுங்கள். முதல் நாள் பேசமாட்டார், மறுநாளும் கேளுங்கள். எனக்கு மறுபடி எழுதும்போது கலோரி வேண்டாம். நாலு மணிக்கு மெஷினில் என்ன எண் வந்தது, கிளினிக்குக்கு மகன் கூடப் போனாரா, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள்.